காலரில் தைத்த மைக்

பந்தயக் காகிதம் நான்கு நாளாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அப்பா தன் கைப்பட எழுதியது. பேசினால் வார்த்தை செலவாகும் என்று அவர் முக்கியமானதையெல்லாம் எழுதித்தான் கொடுப்பார்.

'தூக்கத்தில் நான் கதை சொல்வதைப் படமாகக் காட்டினால் மகள் தன் இஷ்டப்படி படம் எடுக்கலாம். காட்டாவிட்டால் திங்கட்கிழமை முதல் பழைய ஸ்டுடியோவில் வேலை. முனகல் கணக்கில் சேராது. வீட்டாள் சாட்சி செல்லாது.'

கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அப்பாவுடையது, மற்றது மகளுடையது.

அப்பா ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அவர் கை வைத்த லிஃப்டுகள் பொத்தானை அமுக்குவதற்குள் வந்து நிற்கும் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு உண்டு. ஓடுகிற லிஃப்டின் கூரைமேல் படுத்து மூன்றாம் மாடியில் தூங்கி, பத்தொன்பதாம் மாடியில் எழுந்து, டீ குடித்துவிட்டு இறங்கி வந்த மனிதர். ஆனால் விழித்திருக்கும்போது நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான். விருந்தாளி வந்தால் ஒன்பது. எதிர் வீட்டுக்காரர் ஆறு வருடமாக அவரைக் காது கேளாதவர் என்று நினைத்துச் சைகையிலேயே நலம் விசாரித்துவந்தார். அப்பாவும் சைகையிலேயே பதில் சொன்னார். அது அவருக்கு வசதியாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கண்ணை மூடினால் போதும், ஆள் மாறிவிடும்.

ஸ்டுடியோ வேலையை உதறிவிட்டு வந்த மகள், ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அதைக் கண்டுபிடித்தாள். தூக்கத்தில் அப்பா ஒரு லிஃப்டில் போகிறார். கூட ஒரு பெண் இருக்கிறாள். ஒவ்வொரு மதியமும் ஒரு மாடி. ஏழாம் மாடியில் கடலைத் துணிபோல மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். பத்தொன்பதில் மழை கீழே விழாமல் வரிசையாக நின்றது. இருபத்தாறில் எங்கே போவதென்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றோடு நாற்பது மாடி ஆகிவிட்டது. அந்தப் பெண் எங்கேயும் இறங்கவில்லை.

எழுந்தால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தான் தூக்கத்தில் பேசுவதே இல்லை என்பார். அம்மாவோ, அவர் எப்பவும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்கப் போய்விடுவாள்.

தன் முதல் சொந்தப் படம் இதுதான் என்று மகளுக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஐந்து வருடம் மரச்சாமான் கடை விளம்பரங்களை வெட்டி ஒட்டியவள். சோபாவில் ஒரு குடும்பம் சிரிக்கும். அதில் யார் சிரிப்பு இரண்டு விநாடி அதிகம் என்று கண்டுபிடித்து வெட்டுவதுதான் வேலை. திங்கட்கிழமை திரும்ப அந்தச் சோபாவுக்கு முன்னால் போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது.

நாட்கள் கையில் இல்லை. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்திருந்தார். இனி எப்போது படுத்தாலும் முகமூடி மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தோடுதான் படுக்க வேண்டும். இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறது. உடம்புக்கு நல்லது, அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வாயை மூடிய பிறகு கதை ஏது.

ஆக, இன்று சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அதுதான் கடைசி.

புதன்கிழமை கைப்பேசியில் எடுத்துப் பார்த்தாள். மின்விசிறி மிக நன்றாகப் பதிவாகியிருந்தது. வியாழக்கிழமை மின்விசிறியை நிறுத்தினாள். அப்பா எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாதிக் கதையில் அதே கைப்பேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. வீட்டுக்கு வண்ணம் பூச வேண்டுமா என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார்.

காலை ஒன்பது மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கேமரா வாடகைக் கடையில் கவுண்டரில் இருப்பவர். இதுவரை ஒரு விநாடிகூடப் படம் எடுத்ததில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எல்லாக் கேமராக்களின் எண்களும் அவருக்கு மனப்பாடம். எய்ட்-கே என்கிற உச்சத் துல்லியம் கொண்ட பெரிய கேமராவுக்குக் குறைந்த எதையும் அவர் கேமரா என்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் குடும்பத்தில் அவருக்கு 'எய்ட்-கே மாமா' என்று பெயர். சாமான்களை ஆறு மணிக்குள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சில் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

நான்கு பெட்டி, இரண்டு முக்காலி, விளக்குகள், கேமராவைத் தூக்கிப் பறக்கவைக்கும் ஒரு கிரேன். கிரேன் உள்ளே வருவதற்காகத் தையல் மெஷின் வெளியே போனது. அம்மா வாசலில் உட்கார்ந்து தைத்தாள். தெருவில் போன ஒருவர் புதுக்கடை என்று நினைத்து, கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

மாமா பெரிய கேமராவைத் திறந்தார். அதன் கூர்மையைக் காட்ட அம்மா ஊசி குத்திவைக்கும் பஞ்சின்மேல் ஊர்ந்த எறும்பை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கியபோது எறும்பின் முகத்தில் இருந்த சலிப்புகூடத் தெரிந்தது. மகள் காதை அதன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே சூடு தணிக்க ஒரு குட்டி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அமைதியான அறையில் அது கொசுக் கூட்டம்போல் கேட்டது.

எறும்பின் படத்தைத் தன் பழைய மடிக்கணினியில் போட்டாள். அம்மா ஒரு சட்டைக்கு இரண்டு கையும் பூட்டி முடித்தபோது முதல் விநாடி திறந்தது. இரண்டாவது விநாடிக்குக் கணினி யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

மாமா அவளுக்குப் புதுக் கணினியும், மாதச் சந்தாவில் வரும் பெரிய எடிட்டிங் மென்பொருளும் தேவை என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டுடியோவில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் முந்நூறு வசதி உண்டு. ஐந்து வருடத்தில் அவள் தொட்டது பதினொன்று.

"மாமா, எது பெருசுன்னு கேக்காதீங்க. தூங்குற மனுஷனுக்கு எது வேணும்னு கேளுங்க."

அந்தக் கேள்வி எந்த விவரப் புத்தகத்திலும் இல்லாததால் மாமா கொஞ்சம் தடுமாறினார்.

தூங்குகிற மனுஷனுக்குச் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, ஐம்பது நிமிடம் யாரும் குறுக்கே வரக் கூடாது. அப்படி வரிசையாக யோசித்ததும் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தாங்களே பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. முதலில் கிரேன், பிறகு விளக்குகள். கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னக் கேமரா, மங்கலிலும் கண் தெரிகிற ஒரு லென்ஸ், தீப்பெட்டி அளவு ரெக்கார்டர், அதில் சொருகும் பட்டாணி அளவு மைக். ஜன்னலில் அம்மா வெளுத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டதும் அறைக்குள் பால்போல வெளிச்சம் பரவியது. விளக்குக் கம்பெனிகள் இருபது வருடமாகத் தேடும் வெளிச்சம் அது என்று மாமாவே ஒப்புக்கொண்டார். பிறகு அதற்கும் ஒரு எண் சொன்னார்.

மென்பொருளில் காசில்லாத ஒன்றைத் தேர்ந்தாள். அதில் ஒரு வசதி உண்டு: கனமான படத்துக்கு எடை குறைந்த நகல் செய்து, நகலில் வெட்டி, கடைசியில் நிஜப் படத்தில் அதே வெட்டுகளைப் போட்டுக்கொள்ளலாம். முதலில் காகிதத்தில் வெட்டி, அளவு பார்த்துவிட்டுத் துணியில் கை வைப்பதுபோல என்று அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா, அது எல்லாரும் பண்றதுதானே என்றாள்.

ஒத்திகைக்கு மாமாவை அப்பாவின் கட்டிலில் படுக்கவைத்தார்கள். தூங்குவதுபோல நடிக்கச் சொன்னதை மாமா அளவுக்கு மீறி நன்றாகச் செய்தார். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே, முப்பதாவது நிமிடத்துக்கு ஒரு விநாடி முன்னால் சின்னக் கேமராவும் தூங்கிவிட்டது. அது அந்த மாதிரிக் கேமராக்களின் சுபாவம். அரை மணிக்குமேல் தொடர்ந்து எடுக்காது. மறுபடி அமுக்கினால் எழுந்துகொள்ளும். எண்களெல்லாம் தெரிந்த மாமாவுக்கு இந்த ஒரு எண் மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மைக்கை எங்கே வைப்பது என்பதில் அம்மா நுழைந்தாள். சட்டையில் கிளிப் மாட்டினால் அப்பா புரளும்போது துணி உரசும். அம்மா நாலைந்து துணித் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக மகளின் காதோரம் கசக்கிக் காட்டினாள். நைலான் காய்ந்த இலைபோல நொறுங்கியது. கெட்டிப் பருத்தி முணுமுணுத்தது. நூறு தடவை துவைத்த பழைய மெல்லிய பருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. அந்தத் துணியில் அப்பாவின் சட்டைக் காலருக்குள் ஒரு சின்ன உறை தைத்தாள்.

தைத்துக்கொண்டே தம்பியிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் மூச்சு விட்டால்கூட இது கேட்குமா?

"அதெல்லாம் கேக்காதுக்கா. எந்த வாய்க்கு நேரா இருக்கோ அந்த வாய் மட்டும்தான்."

மாமா சொன்னது நீளக் குழாய் மைக்குக்குப் பொருந்தும். பட்டாணி மைக்குக்கு முன்னும் பின்னும் கிடையாது; சுற்றிலும் நடப்பதையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். மகளுக்கு இது தெரியும். ஆனால் அவள் அப்போது பேட்டரிக்குப் பதிலாக மின்சார வயரைக் கேமராவில் சொருகிக்கொண்டிருந்ததால், இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி. கேமரா தனி, ரெக்கார்டர் தனி. படத்தையும் ஒலியையும் பிற்பாடு பொருத்த, ஆரம்பத்தில் ஒரு கைதட்டல் வேண்டும். தட்டுகிற படமும் தட்டுகிற சத்தமும் சேரும் இடத்தில் இரண்டையும் ஒட்டிவிடலாம். தூங்குகிறவர் தலைமாட்டில் கை தட்ட முடியாது. அம்மா யோசித்து, தன் கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் ஒரே ஒரு தடவை வெட்டிக் காட்டினாள். சின்னதாக, சுத்தமாக ஒரு சத்தம்.

"இந்தச் சத்தத்துல அவர் முப்பது வருஷமா தூங்குறார். கத்தரி நின்னாதான் முழிப்பு வரும்."

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார், ரெக்கார்டரைப் பையில் வாங்கிக்கொண்டார், கேமராவைப் பார்த்து, "ம்" என்றார். பந்தயக்காரரின் நேர்மையோடு மல்லாந்து படுத்து இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனார்.

மாமா அழைப்பு மணியின் வயரைக் கழற்றிவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்தார். மின்விசிறி நின்றது, அதற்குப் பதில் அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அளவு வெட்டும் அட்டையால் அவருக்கு மெல்ல விசிறினாள். மகள் கால்மாட்டில் கேமராவின் பின்னால் இருந்தாள். கத்தரி ஒரு தடவை காற்றை வெட்டியது.

அறை மெதுவாகக் கட்டடத்தை விட்டுக் கழன்றதுபோல இருந்தது.

"நாப்பத்தொண்ணு," என்றார் அப்பா. கண் மூடியிருந்தது. விழித்திருக்கும்போது யாரும் கேட்டிராத குரல். ஆழமாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எண்ணெய் போட்டு இறக்கியதுபோல. "கதவு திறக்குது. இங்க மேகத்தைக் கொடியில காயப்போட்டிருக்காங்க. சொட்டிட்டு இருக்கு. பாத்து, நனையாம வா."

கொஞ்சம் நிறுத்தினார்.

"இல்ல, இது நம்மளுது இல்ல. அடுத்தது பாப்போம்."

மகள் சின்னத் திரையில் அந்த முகத்தையே பார்த்தாள். ஜன்னல் திரை அசையும்போது வெளிச்சமும் நிழலும் அதன்மேல் ஏறி இறங்கின, யாரோ மாடி மாடியாகப் போவதுபோல. சாதாரணமாக ஒரு மதியத்துக்கு ஒரு மாடிதான். இன்று நாற்பத்திரண்டு வந்தது, நாற்பத்து மூன்று வந்தது. வந்து சேராத கடிதங்களெல்லாம் உறைக்குள் புரண்டு படுக்கும் ஒரு மாடி. தொலைந்த பொருள்கள் தங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாடி. இடையிடையே அப்பா நிறுத்துவார். அந்த இடைவெளிகள்தான் மகளுக்கு அதிசயமாக இருந்தன. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஸ்டுடியோவில் ஐந்து வருடம் உட்கார்ந்தும் அவளுக்குப் பிடிபட்டதில்லை. இவர் தூங்கிக்கொண்டே நிறுத்துகிறார்.

இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடியில் கேமரா நின்றது. அப்பாவும் நின்றார், பாதி வார்த்தையில். மகள் மறுபடி அமுக்கினாள். சிவப்புப் புள்ளி எரிந்ததும் மீதிப் பாதி வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். இதை மாமாவிடம் பிற்பாடு சொன்னபோது அவர் நம்பவில்லை. முதல் பதிவு முடிந்த நேரத்தையும் இரண்டாவது தொடங்கிய நேரத்தையும் பார்த்த பிறகும் நம்பவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அப்பா நீளமாக ஒரு இடைவெளி விட்டார். விசிறிக்கொண்டிருந்த அட்டையும் நின்றிருந்தது, அம்மாவின் முகத்துக்கு முன்னால்.

"இறங்கணும்னு யாரு சொன்னா," என்றார் அப்பா மெதுவாக.

பிறகு எழுந்து உட்கார்ந்து, டீ இருக்கிறதா என்று கையால் கேட்டார். ஐந்து மணிக்குப் படத்தைப் பார்ப்பதாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காற்றாட நடக்கப் போனார்.

மகள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். எடை குறைந்த நகல் தயாரானது. கத்தரி வாய் மூடும் படத்தின்மேல் கத்தரிச் சத்தத்தைப் பொருத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

"பாத்து, நனையாம வா," என்றார் அப்பா.

"எனக்கு எதுங்க மாடி? இதுவா?" என்றது ஒரு பெண் குரல்.

மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"இல்ல, இது நம்மளுது இல்ல. அடுத்தது பாப்போம்."

மூச்சைவிடக் கொஞ்சம் கெட்டியான குரல். காதுக்குள் சொல்கிற குரல். ஒவ்வொரு இடைவெளியிலும் அது இருந்தது. கதைக்கு நடுவில் ஓரிடத்தில், "நேத்து டார்ச்சை எங்கங்க வெச்சீங்க?" என்று கேட்டது. அப்பா கொஞ்சமும் தயங்காமல், தொலைந்த பொருள்களின் மாடியில் வலது பக்கம் மேல் தட்டில் என்றார். இந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அம்மா மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பது மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே புரியாத ஒன்று. இப்போது புரிந்தது.

கடைசி இடைவெளிக்கு வந்தாள்.

"என்னை எந்த மாடியிலதான் இறக்கிவிடப் போறீங்க?"

"இறங்கணும்னு யாரு சொன்னா."

கதவு திறந்தது. அம்மா டீயோடு நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், திரையில் அப்பாவின் பெரிய ஒலி மேடுகளுக்கு நடுவே ஓடும் சின்னச் சின்ன அலைகளைப் பார்த்தாள். துணியைப் பார்த்தே அளவு சொல்கிறவளுக்கு இதைப் படிக்க நேரம் ஆகவில்லை.

"அது கேக்காதுன்னானே," என்றாள்.

டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு மதியம் ஏதோ மாடி என்று முனகினாராம், எந்த மாடி என்று விளையாட்டாகக் கேட்டாளாம், பதில் வந்ததாம். விழித்திருக்கும்போது கேட்டால் வராத பதில். அன்றிலிருந்து நிறுத்த முடியவில்லை; மாடி நூறைத் தொட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாராம். இதையெல்லாம் தலை நிமிராமல் சொன்னாள். கடைசியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் குரலை மட்டும் எடுத்துடு. அவருக்குத் தெரிஞ்சா, தூக்கத்துலகூட வாயை மூடிப்பாரு."

மென்பொருளில் அதற்கு வழி இருந்தது. சன்னமான ஒலியை மட்டும் துடைக்கும் வசதி, காசில்லாத மென்பொருளிலும் உண்டு. மகள் துடைத்தாள். துடைத்துவிட்டு ஓடவிட்டாள். நாற்பத்தைந்து மாடிக் கட்டடம் கண்ணெதிரே சரிந்தது. கேள்வி இல்லாத பதில்கள், எதற்கென்று தெரியாத மௌனங்கள். தூக்கத்தில் ஒரு மனிதர் உளறுகிறார், அவ்வளவுதான். காகிதத்தில் எழுதியிருந்தபடி சுத்தமான முனகல்.

துடைக்காத படமும் கணினியில் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காட்டினால் திங்கட்கிழமை அவளுடையது. சோபா இல்லை, சிரிக்கும் குடும்பம் இல்லை. மணி நாலே முக்கால்வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவளை ஒரு வார்த்தையும் கேட்காமல், அந்தத் தெருக்காரரின் கால்சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அப்பா வந்து நாற்காலியில் அமர்ந்தார். மாமாவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார். மகள் ஹெட்போனைக் கழற்றி வெளியே ஒலிக்கவிட்டு, துடைத்த படத்தை ஓடவிட்டாள்.

அம்மாவின் ஊசி நின்றது. மகள் அவள் பக்கம் திரும்பவில்லை.

அப்பா தன் தூங்கும் முகத்தைப் பார்த்தார். நாப்பத்தொண்ணு என்று அது சொன்னபோது அவர் புருவம் லேசாக ஏறியது. மேகம், கொடி, நனையாமல் வா. பிறகு இடைவெளி. துடைத்த இடைவெளி வெறும் இடைவெளியாக இருக்காது. அதில் அறையின் மூச்சுகூட இருக்காது, கிணற்றின் அடிபோல இருக்கும். அடுத்த இடைவெளி வந்தது. அதற்கடுத்தது வந்தது.

மாமா தொண்டையைக் கனைத்து, இது முனகல்தான் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். பெரிய கேமராவாக இருந்திருந்தால் என்று ஆரம்பித்தபோது, அப்பா கையைத் தூக்கினார். மகளிடம் படத்தைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் கொண்டுபோனாள். நனையாமல் வா. இடைவெளி.

அப்பா திரையை விரலால் தொட்டார், இடைவெளி இருந்த இடத்தில்.

"இங்க ஒரு குரல் இருக்கணுமே."

விழித்திருக்கும்போது அவர் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. தான் பேசியதே அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. தூக்கத்தில் ஒன்றும் தெரியாது என்று நாலு நாளாகப் பந்தயம் கட்டிய மனிதர், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு மிகச் சின்னதாகத் தலையை அசைத்தாள்.

மகள் மற்ற படத்தை ஓடவிட்டாள்.

எனக்கு எதுங்க மாடி என்று அந்தக் குரல் கேட்டதும் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரை கேட்டார். இறங்க வேண்டும் என்று யார் சொன்னது என்று திரையில் தானே சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"எழுந்ததும் கதை எதுவும் ஞாபகம் இருக்காது," என்றார் அம்மாவின் பக்கம் திரும்பாமல். "அந்தக் குரல் மட்டும் காதுல இருக்கும். யாருதுன்னு தெரியாது. பேசினா அது கலைஞ்சுடும்னு பேசாம இருந்துட்டேன்."

"முப்பது வருஷமாவா?"

"சாயங்காலம் வரைக்கும்தான் நிக்கும். மறுநாள் திரும்ப வந்துடுமில்ல."

அம்மா தைத்து முடித்த கால்சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முழிச்சிருக்கும்போதும் எனக்கு இதே குரல்தாங்க," என்றாள்.

அப்பா அதற்குப் பதில் தேடினார். தேடுவது நன்றாகத் தெரிந்தது; மேலே சுவரில் மாடி எண் ஓடுகிறதா என்று பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார். மாமா வெளியே போய் அழைப்பு மணியின் வயரைத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பூட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் தயங்கித் தயங்கித் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டாள்.

"போக வேணாம்," என்றார் அப்பா. "நீ ஜெயிச்சுட்ட."

அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அதற்குள் வெட்டுகள் கண்ணுக்குள் ஓடத் தொடங்கிவிட்டன: எந்த மாடியை முதலில் வைப்பது, அந்தக் குரலை எங்கே நுழைப்பது, எந்த விழாவுக்கு அனுப்புவது. அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துடைக்காத படத்துக்குப் பெயர் வைத்துச் சேமிக்கப் போனாள்.

அம்மாவின் கை வந்து அவள் கையின்மேல் உட்கார்ந்தது.

"அதுல பாதி என்னுதுடி."

"தெரியும்மா. உன் பேரையும் போடுறேன். பெருசா போடுறேன்."

"பேரு இருக்கட்டும். அப்பாகிட்ட கேட்டே, கையெழுத்து வாங்கினே. மாமாகிட்ட கேட்டே. கேமராவுக்கு என்ன வேணும், கம்ப்யூட்டருக்கு என்ன வேணும்னுகூட காலையிலருந்து கேட்டுட்டு இருந்தே." அம்மாவின் குரலில் கோபம் இல்லை, துணியில் ஒரு இடம் இழுக்கிறதே என்று பார்ப்பதுபோல இருந்தது. "என்னை யாரும் கேக்கவே இல்லையே."

மகள் சேமிக்காமல் கணினியிலிருந்து கையை எடுத்து, அம்மாவின் பக்கம் திரும்பினாள். எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.